வெறுங்காலுக்கு எந்தத் தளம்? பாய்ப்படகின் வழுக்காப் பூச்சுகள், ஓர் ஒப்பீடு

பாய்ப்படகின் மேல்தட்டுக்கு வழுக்காத பூச்சு பூசுவது பற்றி மேல்நாட்டுக்காரர்கள் எழுதியவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் வலுத்துக்கொண்டே வந்தது. இவர்கள் எல்லோரும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். பிடிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று அவர்கள் சொல்வது ரப்பர் அடி சொல்லும் தீர்ப்பு. திருகோணமலையில் வள்ளமானாலும் பாய்ப்படகானாலும் ஏறும்போதே செருப்பு கரையில் கிடக்கும். உள்ளே வெறுங்கால்தான். முழங்காலை ஊன்றி நங்கூரக் கயிற்றை இழுப்போம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தளத்திலேயே சம்மணமிட்டுச் சாப்பிடுவோம். அந்தத் தளம் காலைப் பிடிக்கவும் வேண்டும், தோலை உரிக்கவும் கூடாது, உச்சி வெயிலில் சுடவும் கூடாது. இந்த மூன்றையும் ஒரே பேணிக்குள் தேடி ஒரு வருடத்தைச் செலவழித்தேன்.

எங்கள் படகு முப்பத்திரண்டு அடி நீளம், பைபர் கிளாஸ் உடல், 1970களின் இறுதியில் கட்டப்பட்டது. இந்து சமுத்திரத்தைக் கடக்க வந்த ஒருவர், மேற்கொண்டு போக மனமில்லாமல் விற்றுவிட்டுப் போனது. ‘எங்கள்’ என்றால் எனக்கும் மச்சானுக்கும். மச்சான் கனடாவில் இருக்கிறார். அரைப் பங்கு பணமும் முழுப் பங்கு ஆலோசனையும் அவருடையவை. தளத்தில் வழுக்காமலிருக்க அச்சிலேயே வார்த்த வைர வடிவக் கட்டம் இருந்தது. நாற்பது வருட வெயிலும் உப்பும் கால்களும் அதைத் தேய்த்து, இப்போது நனைந்தால் பாசி பிடித்த கிணற்றடி மாதிரி இருக்கிறது. போன ஐப்பசியில் முதல் மழையன்று நங்கூரம் இழுபடுகிறதா என்று பார்க்கப் படகின் முன்முனையான அணியத்துக்கு ஓடினேன். ஓடியது பாதி வழிதான், மீதியைச் சறுக்கிக் கடந்தேன். முழங்காலில் ஆறு தையல். வேலையைத் தள்ளிப்போட அதற்குப் பிறகு எனக்குச் சாக்குக் கிடைக்கவில்லை.

அளந்து பார்த்தேன். வழுக்காப் பூச்சு தேவைப்படும் பகுதி மொத்தம் பதினொரு சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட. பெரிய வீட்டு அறை ஒன்றின் தரை அளவுதான். அதனால்தான் ‘ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம்’ என்று எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பதற்கு முன்னால், அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பல தெரிவுகள் அங்கேயே அடிபட்டுப் போகும். பழைய பைபர் கிளாஸ் தளங்கள் பெரும்பாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்தவை. தளத்தில் பதித்த ஆணிகள், கம்பித் தூண்களின் அடிக்கட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கினால் நடுவிலுள்ள மரம் ஊறிப் பழஞ்சோறாகிவிடும். சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். பலாப்பழம் வாங்கும்போது தட்டிக் கேட்கும் காது இருந்தால் போதும். நல்ல இடம் ‘டங்’ என்று கூர்மையாகப் பதில் சொல்லும், அழுகிய இடம் மெத்தையைத் தட்டியதுபோல அமுங்கிய ஒலி தரும். எங்கள் படகில் இடதுபக்கம் இரண்டு தூண்களின் அடியில் அமுங்கிய ஒலி வந்தது. அதைத் திறந்து, காயவைத்து, எபொக்சியால் நிரப்பவே மூன்று கிழமை போனது. அழுகலின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும் அது பிரேதத்துக்குப் பட்டுச் சேலை.

இரண்டாவது கேள்வி, ஏற்கெனவே யாராவது மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்களா, அடித்திருந்தால் என்ன பெயின்ட் என்பது. பஞ்சைத் தின்னரில் நனைத்து, ஒரு மூலையில் டேப்பால் ஒட்டி, சில நிமிடம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயின்ட் சுருங்கினாலோ பஞ்சில் நிறம் ஏறினாலோ அது சாதாரண எனாமல் வகை. அதன் மேல் டூ-பேக், அதாவது இரண்டு பேணிகளைக் கலந்து பூசும் பெயின்ட், பூசினால், அதிலுள்ள காட்டமான கரைப்பான் அடிப்பூச்சைக் கிளப்பி அப்பளம்போலக் கொப்பளிக்க வைக்கும். அசையாமல் இருந்தால் அது பழைய டூ-பேக் ஆகவோ, பைபர் கிளாஸின் மேற்படையான ஜெல்கோட் ஆகவோ இருக்கும், மேலே எதையும் பூசலாம். எங்களுக்கு அணியப் பக்கம் சுத்தமான ஜெல்கோட், பின்பக்கம் யாரோ ஒரு புண்ணியவான் அடித்த எனாமல். ஒரே படகில் இரண்டு விடை.

இனித் தெரிவுகள். கடைகளில் கேட்டதையும் படித்ததையும் வைத்து முடிவெடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பழைய பைபர் கிளாஸ் தகடொன்றை ஒரு முழ நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வகை பூசி, வீட்டு மேல்மாடியில் ஒரு கோடை முழுவதும் கிடத்தினேன். வருவோர் போவோரையெல்லாம் வெறுங்காலோடு அதில் நிற்க வைத்தேன். தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், கொஞ்சம் தேங்காயெண்ணெய் என்று ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தேன். இதை யாரும் ஆய்வு என்று நினைக்க வேண்டாம். என் மனைவி இதற்குக் கிறுக்கு என்று வேறு பெயர் வைத்திருந்தாள்.

முதல் துண்டு, ஊர் வழி. ஹாட்வெயர் கடை எனாமலை ஒரு கை அடித்து, ஈரம் காயுமுன் அதன் மேல் மணலைத் தூவி, காய்ந்ததும் இன்னொரு கை. இதைச் சொன்னவர், மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் எங்கள் பக்கத்துச் சம்மாட்டியார். “தம்பி, ஆற்று மணலை நுளம்பு வலையில் அரித்துத் தூவும், வேறு வித்தை ஒன்றும் வேண்டாம்” என்றார். அவர் சொன்னதில் ஒரு முக்கியமான சொல் ‘ஆற்று’. நிலாவெளிக் கடற்கரை மணல் கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் அதில் உப்பும் சிப்பித்தூளும் கலந்திருக்கின்றன. பூச்சுக்குள் சிக்கிய உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். மகாவலி மணலை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, அரித்துத்தான் எடுத்தேன்.

பிடிப்பில் அந்தத் துண்டை அடிக்க ஆளில்லை. எண்ணெய் ஊற்றினாலும் நின்றது. ஆனால் அதன் மேல் முழங்காலை ஊன்றிய என் மருமகன் அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான். மணலின் முனைகள் உடைந்த கண்ணாடிபோலக் கூர்மையானவை. பாய் விழும் இடத்தில் பாயை அறுக்கும், கயிறு உரசும் இடத்தில் கயிற்றைப் பஞ்சாக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் பிறகு வருகிறது. ஒரு நாள் இதைச் சுரண்டியெடுக்க வேண்டும். மணல் ஏறிய பூச்சின் மேல் சாண்ட்பேப்பர் போட்டால் தேய்வது சாண்ட்பேப்பர்தான். எனாமலும் எங்கள் வெயிலில் சீக்கிரமே சுண்ணாம்பு பூத்ததுபோலப் பொடியத் தொடங்கும். மீனவர்கள் வருடா வருடம் வள்ளத்தைக் கரையேற்றி மறுபடி அடிப்பதால் அவர்களுக்கு அது குறையில்லை. விலை என்று பார்த்தால் இதற்குக் கிட்ட எதுவும் வராது. வருடம் ஒரு முறை கைவைக்கச் சம்மதம் என்றால் சம்மாட்டியார் சொன்னது சரி.

இரண்டாவது துண்டு உப்பு. பூச்சு ஈரமாக இருக்கும்போது கல்லுப்பைத் தூவி, பூச்சு இறுகியதும் தண்ணீர் ஊற்றினால் உப்புக் கரைந்துபோய்ச் சின்னச் சின்னக் குழிகள் மிஞ்சும். மணல் மேடு எழுப்பும், உப்புப் பள்ளம் பறிக்கும், அதனால் காலுக்கு மென்மை. கேட்க அற்புதமாக இருந்தது. உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்த இடத்தில் இந்த வழி சரிவராமல் வேறு எங்கே சரிவரும் என்று நானும் மகிழ்ந்தேன்.

சரிவரவில்லை. சுத்தமான சோடியம் குளோரைட்டே காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் தானாகத் தண்ணீர் விடும். கல்லுப்பில் மக்னீசியம் உப்புகளும் இருப்பதால் அது அதற்கு முன்பே கசியும். திருகோணமலையில் இரவுக் காற்று அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். பின்னேரம் தூவிய உப்பு விடியும்போது கஞ்சியாகி, பூச்சுக்குள் வெள்ளைத் திட்டுகளை விட்டிருந்தது. உப்புக்குப் பதிலாகச் சீனியும் தூவலாம் என்று சொல்வார்கள். அதையும் ஒரு மூலையில் செய்து பார்த்தேன். எறும்புகள் வந்து பூச்சில் ஒட்டிக்கொண்டு செத்தன. வறண்ட நாட்டுக்காரர்களுக்கு இந்த வழி சுகமாக இருக்கட்டும்.

மூன்றாவது, மச்சானின் தெரிவு. இரண்டு பேணிகளில் வரும் பாலியூரித்தேன், அதாவது வாகனப் பெயின்டர்கள் டூ-பேக் என்று சொல்வது. அதில் பொலிப்புரோபிலீன் மணிகளைத் தூவ வேண்டும். “மச்சான், ஒரு முறை செய்வதைத் திருந்தச் செய்வோம், பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை” என்று தொலைபேசியில் மூன்று முறை சொன்னார். பூச்சைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. கடினத்திலும் வெயிலைத் தாங்குவதிலும் டூ-பேக்குக்கு நிகரில்லை. ஆல்கிரிப் போன்ற வகைகளைப் பெரிய சொகுசுப் படகுகள் எல்லாம் பூசுவது அதனால்தான்.

ஆனால் அதன் இரண்டாவது பேணியான கடினப்படுத்தியில் இருப்பது ஐசோசயனேட். அது பெயின்ட்டோடு சேர்வதுபோலவே தண்ணீரோடும் சேரும். காற்றிலோ தளத்திலோ ஈரம் இருந்தால் இரண்டும் சேர்ந்து கரியமில வாயு கிளம்பி, பூச்சில் ஊசிக்குத்துப் போன்ற துளைகள் விழும், மினுக்கம் செத்துப்போகும். சூடு கூடினால் வேலை செய்ய மிஞ்சும் நேரமும் சுருங்கும். பத்துப் பாகை வெப்பம் ஏறினால் நேரம் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. குளிர்நாட்டில் நிதானமாகப் பூசும் கலவை இங்கே கிண்ணத்திலேயே தேனாகத் தடிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். ரோலரால் பூசினாலும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி கட்டாயம். இதைப் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியில் அடிப்பதானால் வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடி வேண்டும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வாகனத்துக்கு டூ-பேக் அடிக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஐசோசயனேட் ஒரு முறை உடம்புக்கு ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமாவாக மூச்சை நெரிக்கும்.

இன்னொன்றும் உண்டு. டூ-பேக்கின் பெருமையே அதன் மினுக்கம். வழுக்காத் தளத்துக்கு மினுக்கம் எதிரி. நனைந்தால் வழுக்கும், வெயிலில் கண்ணைக் கூசும். அதனால் மினுக்கத்தைக் கொல்லும் சேர்மானம் ஒன்றை வாங்கிக் கலக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய மினுக்கத்தைக் காசு கொடுத்தே அழிக்கும் இந்தக் கணக்கு எனக்கு ஏறவே இல்லை.

மணிகளைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். மணலின் அடர்த்தி தண்ணீரைப்போல இரண்டரை மடங்குக்கு மேல், அதனால் பெயின்ட்டில் அடிக்குப் போய்விடும். பொலிப்புரோபிலீன் தண்ணீரிலேயே மிதப்பது, பூச்சிலும் மேலேயே நிற்கும். உருண்டை வடிவம் என்பதால் பாதத்தைப் பிடிக்கும், கிழிக்காது. பின்னொரு நாள் சாண்ட்பேப்பருக்கும் அடங்கும். மாவாக அரைத்த கண்ணாடி, வால்நட் ஓடு என்று வேறு பொடிகளும் உண்டு. ஆனால் வெறுங்காலுக்கு இந்த மணிகளைவிட மேலானதை நான் மிதித்ததில்லை.

அப்படியானால் அதே மணிகளை ஒருபாகப் பூச்சில் தூவினால் என்ன? நான்காவது துண்டு அதுதான். ஒரே பேணியில் வரும் கடல்சார் தளப் பூச்சு. இன்டர்டெக் போன்றவை பொடி கலந்தே வருகின்றன. பொடி இல்லாததை வாங்கி நாமே மணி தூவினால், எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்பது நம் கையில். இது டூ-பேக்கைவிட மென்மையானது, ஆயுளும் குறைவு. இங்குள்ள வெயிலில் மூன்று நான்கு வருடத்தில் ஒரு கை தேவைப்படும் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் மச்சானோடு எனக்கு உண்மையான வாக்குவாதம். பத்து வருடம் தாங்குவதும் மூன்று வருடம் தாங்குவதும் ஒன்றா என்று அவர் கேட்கிறார். மினுக்கமான பக்கப் பலகைகளுக்கு அவர் கேள்வி சரி. அங்கே ஒரு தூரிகைக் கோடு விழுந்தாலும் ஊருக்கே தெரியும், ஆகவே அடிக்கடி கைவைக்க முடியாது. வழுக்காத் தளமோ படகிலேயே மன்னிக்கும் குணம் அதிகமுள்ள இடம். சொரசொரப்பு எல்லாக் குறையையும் மூடிவிடும். பழைய பூச்சைக் கழுவி, லேசாக உரசி, டேப் ஒட்டி, ரோலரால் ஒரு கை ஓட்டினால் காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். நங்கூரம் விழுந்து கீறினால் உள்ளங்கை அளவுக்கு மட்டும் ஒட்டுப்போடலாம், ஒட்டுத் தெரியாது. டூ-பேக்கில் அந்த ஒட்டுக்கும் அளந்து கலக்க வேண்டும், மிஞ்சிய கலவையைக் கொட்ட வேண்டும், முகமூடியைத் தேட வேண்டும். எளிதாகத் திருத்தக்கூடிய இடத்துக்கு நீண்ட ஆயுளை வாங்குவது, வாழைக்குக் கருங்கல் மதில் கட்டுவது மாதிரி.

ஐந்தாவது துண்டு எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. படகில் வந்து போன பயணி ஒருவர் கால் பேணி கிவிகிரிப் மிஞ்சியிருக்கிறது என்று தந்துவிட்டுப் போனார். இது தண்ணீரில் கரையும் அக்ரிலிக், தயிர்போலக் கெட்டியானது. பல் வைத்த கரண்டியால் பரப்பி, கரடுமுரடான வலை ரோலரை அதன் மேல் உருட்டினால் பூச்சே முனை முனையாக எழும்பி நிற்கும். பொடி எதுவும் தேவையில்லை. ஐசோசயனேட் கிடையாது, தின்னர் நாற்றம் கிடையாது, கையைத் தண்ணீரிலேயே கழுவலாம். பழைய எனாமலைக் கிளப்பாது என்பதால் எங்கள் பின்பக்கத்துக்கு மிகப் பொருத்தம். தடிப்பாக நிற்பதால் பழைய வைரக் கட்டத்தின் மிச்சங்களையும் நூல்வெடிப்புகளையும் விழுங்கிவிடுகிறது. கட்டத்தை அரைத்தெடுக்கும் வேலை மிச்சம். ஜெல்கோட்டின் தடிப்பே அரை மில்லிமீற்றர் அளவுதான் என்பதால் அரைப்பது ஆபத்தான வேலையும்கூட.

இதை வைத்தே முழுப் படகையும் முடித்துவிடலாம் என்று ஒரு கிழமை மயங்கியிருந்தேன். மேல்மாடித் துண்டு அந்த மயக்கத்தைத் தெளிவித்தது. எழும்பிய முனைகளின் நடுவே தூசி போய்க் குந்திக்கொண்டது. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் ஊர்த் தூசியைச் சொல்ல வேண்டியதில்லை. (நிலக்கடலைக்கும் அதே பெயர் வைத்த ஊர் நாங்கள். காற்று பல்லில் நறநறப்பதைப் பார்த்தால் காரணம் இல்லாமலும் இல்லை.) தூரிகையால் தேய்த்துக் கழுவினால்தான் வெள்ளை திரும்பியது. ரோலரை உருட்டும் வேகத்துக்கு ஏற்ப முனைகளின் உயரமும் மாறுகிறது. முதல் கோடு பூனை நாக்குப்போலவும் கடைசிக் கோடு பலாத்தோல்போலவும் வந்தன. சூட்டில் தண்ணீர் சட்டென்று பறந்துவிடுவதால் ஒரு சதுர மீற்றருக்கு மேல் பரப்பினால் ரோலர் வருமுன் ஆடை கட்டிவிடுகிறது. லீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு சதுர மீற்றர்தான் வரும், ஆகவே பதினொரு சதுர மீற்றருக்கு ஆறு லீற்றர் தேவை. இங்குள்ள கடையில் கிடைக்காததை ஆறு லீற்றர் தருவிக்க வேண்டும். சரியாகப் பழகிய கைக்கு நல்ல பூச்சு. பழகுவதற்கு எனக்கு இன்னொரு படகு வேண்டும்.

ஆறாவது ஒட்டும் விரிப்புகள். கோர்க்கும் ரப்பரும் சேர்ந்த ட்ரெட்மாஸ்டர் வகை வருடக்கணக்கில் உழைக்கும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு நாள் கழற்ற வேண்டி வந்தால் உளியும் கண்ணீரும் வேண்டும். மென்மையான ஈவா நுரை விரிப்புகள் காலுக்குச் சுகமோ சுகம். கடும் நிறத்தில் வாங்கினால் நண்பகலில் தோசைக்கல். விளிம்பில் பசை விட்டால் அடியில் தண்ணீர் தங்கும். தேக்குப் பலகை பதிப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை, என்னிடம் அந்தப் பணமில்லை.

சூடு என்றதும் நிறத்துக்கு வந்துவிடுகிறேன். பூச்சின் வகைக்குக் கொடுக்கும் சிந்தனையில் பாதியை நாம் இதற்குக் கொடுப்பதில்லை. உச்சிவேளையில் கோணேசர் கோயில் வெளிவீதியைச் சுற்றியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிழல் கண்ட இடத்துக்கு எல்லோரும் கொக்குபோலத் தாவித் தாவிப் போவோம். மச்சானுக்குப் பிடித்தது கடும் சாம்பல் நிறம், படத்தில் பார்க்க மிடுக்காக இருக்கிறதாம். அவர் கனடாவில் சப்பாத்தோடு இருக்கிறார். முழு வெள்ளை சுடாது, ஆனால் கண்ணைக் குருடாக்கும். நான்கு துண்டுகளில் நிறத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சளும் ஒரு சொட்டுக் கபிலமும் விட்ட ஆட்டுப்பால் நிறத்தில் வந்து நின்றேன். நண்பகலில் அதில் நிற்க முடிந்தது. கடும் சாம்பல் துண்டில் என் அம்மா ஒரு காலை வைத்துவிட்டு, மறு காலை வைக்க மறுத்துவிட்டார்.

வெள்ளைப் பெயின்ட்டின் உயிர் டைட்டேனியம் டை ஒக்சைட். அந்தப் பொடியை எடுக்கும் கனிமங்களில் இல்மனைட்டும் ரூட்டைலும் முதன்மையானவை. இரண்டும் எங்களுக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் மணலாகக் கிடக்கின்றன. கறுப்பு மணலாகக் கப்பலேறும் வகையிலிருந்து பிறந்த வெள்ளையைப் பேணியில் அடைத்து வாங்கி, அதே கடலில் ஓடும் படகுக்கு நாம் பூசுகிறோம். ஒரு நண்பர், அந்தக் கறுப்பு மணலையே தூவினால் என்ன என்று கேட்டார். அரச சொத்து என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வெயிலில் அதன் மேல் நின்று பார்த்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்.

எப்போது பூசுவது என்பதும் தெரிவின் ஒரு பகுதிதான், ஏனென்றால் சில பூச்சுகளுக்கு நம் நாட்காட்டியில் இடமே குறைவு. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காற்றும் மழையும். அப்போது வெளியில் எதையும் பூசுவது வீண். ஆனி, ஆடியில் கச்சான் மதியத்தில் தூசியோடு வரும். மாசி கடைசியிலிருந்து வைகாசி வரை உள்ள இடைவெளிதான் நல்லது, சித்திரை மாதத்து இடி மழைக்கு மட்டும் ஒரு கண் வேண்டும். அந்த நாட்களிலும் விடியற்காலையில் தளம் பனியில் நனைந்திருக்கும். தளத்தின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட மூன்று பாகையாவது கூட இருக்க வேண்டும் என்பது விதி. கருவி இல்லாதவர்கள், தளத்தில் கை வைத்தால் ஈரம் ஒட்டாமல் இளஞ்சூடு தெரியும்வரை காத்திருக்கலாம். ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் ரோலரைக் கழுவிவிட வேண்டும், பின்னேரம் பூசியது காயுமுன் மறுபடி பனி இறங்கும்.

நேர் வெயிலும் ஆகாது. நான் முதலில் கிடுகால் பந்தல் போட்டேன். நிழல் குளிர்ச்சியாக இருந்தது, ஆனால் காற்று அசைக்க அசைக்க ஓலைத் துகள்கள் ஈரப் பூச்சில் விழுந்தன. கழற்றிவிட்டுத் தார்ப்பாய் கட்டினேன். படகு சீனக்குடாப் பக்கம் ஒரு வளவில் கரையேறி நிற்கிறது. அந்த வளவுக் கிணற்றுத் தண்ணீர் சற்று உவர். உப்பைப் போக்கக் கழுவுகிறேன் என்று அந்தத் தண்ணீரையே ஊற்றினால் மறுபடி உப்பைப் பூசுவதுதான். நல்ல தண்ணீரைப் பரலில் கொண்டுபோனேன்.

கழுவியபின் நேரே உரசத் தொடங்குவது எல்லோரும் செய்யும் பிழை, நானும் செய்தேன். பழைய தளத்தில் மெழுகும் சிலிக்கோனும் ஊறியிருக்கும். முதலில் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, அது காயுமுன் வேறு சுத்தமான துணியால் ஒற்றியெடுத்து, அதற்குப் பிறகே சாண்ட்பேப்பரைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் மெழுகைக் கீறல்களுக்குள் திணித்துவிடுவோம், பூச்சு அங்கங்கே மீன்கண்போல விலகி நிற்கும். வைரக் கட்டத்தின் பள்ளங்களுக்குள் சாண்ட்பேப்பர் போகாது. பித்தளைக் கம்பித் தூரிகை போகும். இரும்புத் தூரிகையைக் கையில் எடுக்கவே கூடாது, உடைந்த கம்பித் துணுக்குகள் ஒரு மழைக்குள் துருப்புள்ளிகளாகப் பூத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு முடிவு இது. அணியத்திலும் பாய்மரத்தைச் சுற்றியும் இரு பக்க நடைபாதையிலும் ஒருபாகத் தளப் பூச்சில் மணி தூவுகிறேன். அணியத்தில் மணி அடர்த்தியாக, நங்கூரச் சேறு வரும் இடம் அது. நடைபாதையில் கொஞ்சம் ஐதாக. சுக்கான் பிடிப்பவர் உட்காரும் குழியில் நிற்கும் தரைக்கு மட்டும் மணி, இருக்கைகளுக்குக் கிடையவே கிடையாது. சாரத்தோடு எட்டு மணி நேரம் மணி தூவிய பலகையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் காரணம் கேட்கமாட்டார்கள். மினுக்கமான விளிம்புகளுக்கும் அறையின் பக்கங்களுக்கும் மச்சானின் டூ-பேக். அங்கே எனாமல் இல்லை, அகலமும் குறைவு, நிழலில் நிதானமாகப் பூசலாம். பாதி வெற்றி அவருக்கும் போனதால் கடும் சாம்பலை விட்டுக்கொடுத்தார்.

மணியைப் பூச்சில் கலந்து உருட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மணிகள் கிண்ணத்தில் மேலே வந்து மிதக்கும், ரோலர் ஒரு பக்கம் குவிக்கும், இன்னொரு பக்கம் மொட்டையாக விடும். தூவுவதுதான் என் வழி. பால்மா பேணியின் மூடியில் சின்ன ஆணியால் முப்பது துளை போட்டேன். ஈரப் பூச்சின் மேல், பிட்டுக்குத் தேங்காய்ப்பூப் போடுவதுபோலக் கஞ்சத்தனம் இல்லாமல், ஈரம் கண்ணுக்குத் தெரியாதவரை தூவ வேண்டும். மறுநாள் ஒட்டாததை மெல்லக் கூட்டி அள்ளி, மேலே இரண்டு கை. முதல் கை மணிகளைப் பிடித்து நிறுத்தும், இரண்டாவது அவற்றின் முனையை மழுக்கும். முழங்காலுக்கு மூன்றாவது கை இன்னும் இதம், பிடிப்பு சற்றுக் குறையும். நான் இரண்டோடு நிறுத்தினேன்.

டேப் ஒட்டும்போது ஒவ்வொரு கட்டத்தின் மூலையையும் அந்தப் பேணி மூடியை வைத்தே வளைத்து வெட்டினேன். கூர்மூலையில் பூச்சு முதலில் கிளம்பும். கட்டங்களுக்கிடையே இரண்டு விரல் அகலத்துக்கு வழவழப்பாக விட்டால் மழைத்தண்ணீர் வழிந்தோட வாய்க்கால் கிடைக்கும். கடைசிக் கை காயுமுன் டேப்பை உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் விளிம்பும் சேர்ந்து வரும்.

அணியம் முடிந்து ஐந்தாம் நாள் சம்மாட்டியார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். குதிகாலை ஊன்றித் திருகிப் பார்த்தார். பிறகு முழங்காலை ஊன்றி, இல்லாத கயிறொன்றை இரண்டு முறை இழுத்தார்.

“மணல் இன்னும் பிடிக்கும், தம்பி” என்றார்.

“முழங்கால், ஐயா?”

அவர் எழுந்து சாரத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அந்த மணி இன்னும் மிச்சம் இருக்கிறதா?” என்று கேட்டார். அரைப் பேணி மணியை அவருடைய வள்ளத்தின் பின்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன்.